படத்தை விவரிக்கக் கற்றுத்தருவதும் ஆங்கிலத் துறையின் வேலைதான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் முறை எப்படி மாற வேண்டும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்மார்ட் போர்டு, மொழி ஆய்வகம், கைபேசிச் செயலிகள் என்று தொழில்நுட்பத்தைப் பற்றி நிறையவே பேசியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் பார்வையில்லாத ஒரு மாணவர் இவற்றை எப்படிப் பயன்படுத்துவார் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆங்கிலத் துறையில் இருப்பவள் என்பதால் இது எனக்கு மிகவும் உறுத்தியது. நம் ஊரில் பார்வையில்லாத பிள்ளைகளை மேல்நிலை வகுப்பில் அறிவியல் பிரிவில் சேர்க்கவே தயங்குகிறார்கள். அதனால் கல்லூரிக்கு வரும்போது அவர்களில் பெரும்பாலோர் தமிழ், வரலாறு, ஆங்கிலம் என்று கலைப் பாடங்களுக்குத்தான் வருகிறார்கள். பி.எட். முடித்து ஆசிரியராக வேண்டும் என்பது பலருடைய கனவு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. இடம் கிடைத்துவிடுகிறது. ஆனால் உள்ளே வந்ததும் நாம் கொடுக்கும் பாடக் குறிப்பு அவர்களால் படிக்க முடியாததாக இருக்கிறது.

எங்கள் மாணவர்கள் மடிக்கணினியில் பெரும்பாலும் வைத்திருப்பது என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் உள்ள எழுத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருள். ஆஸ்திரேலியாவில் பார்வையில்லாத இரண்டு இளைஞர்கள் 2006இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. ஆகவே காசு ஒரு தடை என்று நாம் சொல்ல முடியாது. தடையாக இருப்பவை நாம் அனுப்பும் கோப்புகள். பழைய ஜெராக்ஸை அப்படியே ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்கி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம். கண்ணுக்கு அதில் எழுத்து தெரியும். ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் படம். ஒரு சொல்லைக்கூட வாசிக்காது. சரி, தட்டச்சு செய்தே கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பாடத்தின் கீழே கடினமான சொற்களுக்குத் தமிழில் பொருள் தருகிறோம். அதைப் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தால், 'அம்மா' என்று நாம் பார்க்கும் இடத்தில் கணினிக்கு இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்து வரிசைதான். மாணவர் காதில் அதுதான் விழும். தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடு தரும் யூனிகோடில் அடித்தால் இந்தச் சிக்கலே இல்லை. யூனிகோடு வந்து இத்தனை ஆண்டுகளாகியும் நம் துறைகளில் பாமினி இன்னும் போகவில்லை.

அப்புறம் தலைப்புகள். நாம் எழுத்தைத் தடிமனாக்கிப் பெரிதாக்கிவிட்டு அதைத் தலைப்பு என்கிறோம். வேர்டில் ஹெடிங் என்று தனியாக ஒரு அமைப்பு உண்டு. அதைப் பயன்படுத்திய கோப்பைப் பார்வையில்லாத மாணவர் என்.வி.டி.ஏ.வில் திறந்தால், எச் விசையைத் தட்டித் தட்டி அடுத்தடுத்த தலைப்புக்குத் தாவலாம். இல்லாவிட்டால் நாற்பது பக்கத்தையும் முதல் வரியிலிருந்து கேட்டுத்தான் வேண்டிய இடத்துக்கு வர வேண்டும். தேர்வுக்கு முந்தைய நாள் இது என்ன கொடுமை என்று யோசித்துப் பாருங்கள்.

இதெல்லாம் கணினித் துறையின் வேலை என்று சக ஆசிரியர்கள் சொல்வதுண்டு. இதை நான் ஏற்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

நான் எம்.ஏ. மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தல் தாளை நடத்துகிறேன். பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் வருவது போல ஒரு பேருந்து நிலையப் படத்தைக் கொடுத்து, பார்வையில்லாத மாணவருக்காக இதற்கு விளக்கம் எழுதுங்கள் என்றேன். படத்தின் கீழே இருந்த பயிற்சி: படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியங்கள் எழுதுக. ஒருவர் 'பேருந்து நிலையம்' என்று மட்டும் எழுதினார். அதை வைத்து எந்த மாணவராலும் ஐந்து வாக்கியம் எழுத முடியாது. இன்னொருவர், பேருந்துக்குப் பக்கத்தில் டீக்கடை, மரத்தின் கீழே பூ விற்கும் பெண், கடைக்கு எதிரே நிற்கும் பையன் என்று ஒன்றுவிடாமல் அழகான ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். அது விடைத்தாளையே கையில் கொடுத்தது போல ஆகிவிட்டது. அதை அப்படியே பார்த்து எழுதினால் முழு மதிப்பெண்.

அங்கேதான் வகுப்பில் உண்மையான விவாதம் தொடங்கியது. இந்தப் பயிற்சி எதைச் சோதிக்கிறது? சொல்வளத்தையா, வாக்கிய அமைப்பையா, பக்கத்தில், கீழே, எதிரே என்ற முன்னிடைச் சொற்களையா? சொல்வளம் என்றால் பொருள்களின் பெயரைச் சொல்லக் கூடாது. ஒலி, மணம் போன்ற துப்புகளைத் தரலாம். முன்னிடைச் சொற்கள் என்றால் பொருள்களின் பெயரைப் பட்டியலாகத் தந்துவிட்டு, மேசைமேல் நாலு பொருளை வைத்து, தடவிப் பார்த்து எது எங்கே இருக்கிறது என்று எழுதச் சொல்லலாம். வாக்கிய அமைப்பு என்றால் துண்டு துண்டான சொற்றொடர்களில் விளக்கம் போதும். எதைச் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானிக்கப் பயிற்சியின் நோக்கம் தெரிய வேண்டும், மாணவரின் ஆங்கிலத் தரம் தெரிய வேண்டும், சுருக்கமாக எழுதவும் தெரிய வேண்டும். கணினித் துறை நண்பர் அந்த விளக்கத்தைக் கோப்பில் எங்கே போட வேண்டும் என்று காட்டுவார். என்ன எழுத வேண்டும் என்பதை ஆங்கிலம் கற்பிப்பவர்தான் சொல்ல முடியும். தேர்வு வினா தயாரிப்பது பற்றி அந்தப் பருவம் முழுக்க நான் நடத்தியதைவிட அந்த ஒரு படம் என் மாணவர்களுக்கு அதிகம் கற்றுத்தந்தது என்றே நினைக்கிறேன்.

ஒலியியல் தாளுக்கு வருவோம். உச்சரிப்பை எழுதிக் காட்டும் சர்வதேச ஒலியியல் குறிகளைப் பல குரல் மென்பொருள்கள் ஒழுங்காக வாசிப்பதில்லை. சில குறிகளைத் தாண்டியே போய்விடுகின்றன. தேர்வில் பார்வையில்லாத மாணவர் சொல்வதை எழுத வருபவர் பெரும்பாலும் வேறு பாடம் படிப்பவர். தலைகீழாகத் திருப்பிப் போட்ட ஆங்கில 'e' எழுத்தைப் போடு என்று மாணவர் அவருக்குச் சொல்லிப் புரியவைத்து முடிப்பதற்குள் அடுத்த கேள்விக்கான நேரம் போய்விடுகிறது. ஒலியை நுட்பமாகக் கேட்பதில் இவர்களில் பலர் வகுப்பிலேயே முதலாக இருப்பவர்கள். அவர்களுடைய மதிப்பெண் இந்தத் தாளில்தான் விழுகிறது. ஒலியியல் குறிகளுக்குப் பிரெய்ல் முறை உண்டு என்பதே பல துறைகளில் பேசப்படுவதில்லை. காது கேளாத மாணவருக்குக் கேட்டல் பயிற்சியில் வசன வரிகள் இல்லாமல் போவதும் இதே போன்ற அநியாயம்தான்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி எல்லாம் அமைய வேண்டும் என்ற அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருப்பது சட்டத்துக்கு ஒவ்வாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாடநூலை ஸ்கேன் செய்து படிக்கத்தக்க வடிவில் மாற்றிக் கொடுத்தால் பதிப்புரிமைச் சிக்கல் வருமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக அப்படி மாற்றிக் கொடுக்க 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. பார்வையில்லாதவர்களுக்காக நூல்களை இப்படி மாற்றித் தர வழிசெய்யும் மர்ரகேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில் ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா. அது நடந்தது 2014இல். அந்தப் பெருமை நம் வகுப்பறைக்குள் வந்து சேர வேண்டாமா?

பாடத்திட்டத்தில் ஏற்கெனவே சுமை அதிகம், இன்னொரு தாளுக்கு இடமில்லை என்பார்கள். தனித் தாள் கேட்கவில்லை. எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். இரண்டிலும் கற்பித்தல் கருவிகள் தயாரிப்பது என்று ஓர் அலகு இருக்கத்தான் செய்கிறது. அதில் மாணவர் தயாரிக்கும் ஒவ்வொரு பாடமும் ஸ்கிரீன் ரீடரில் திறந்து கேட்டுப் பார்த்த பிறகே மதிப்பெண் பெற வேண்டும் என்று பாடத்திட்டக் குழுக்கள் ஒரு விதி சேர்த்தால் போதும். திரையில் எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) வேண்டும் என்பது இணைய உள்ளடக்க அணுகல் நெறிகளில் உள்ள அளவு. அதைப் பின்பற்றினால் கடைசி பெஞ்சில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் உதவும்.

அப்படி ஸ்கிரீன் ரீடரில் கேட்டு மதிப்பிட ஆள் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. எம்.ஏ., பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பார்வையில்லாத பட்டதாரிகள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். மற்ற தேர்வாளர்களுக்குக் கொடுக்கும் அதே ஊதியத்தைக் கொடுத்து அவர்களைப் பல்கலைக்கழகங்கள் அழைக்க வேண்டும். கருணைக்காகவோ கௌரவத்துக்காகவோ வரும் விருந்தினராக அழைக்கக் கூடாது. அடுத்த கல்வியாண்டுக்கான பாடத்திட்டக் குழுக் கூட்டங்களுக்கு முன்பாகவே இது பற்றி உங்கள் இதழ் துணைவேந்தர்களிடமும் துறைத் தலைவர்களிடமும் நேரடியாகக் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஆங்கிலத் துறை ஆசிரியை ஒருவர்,
திருச்சிராப்பள்ளி