உன் மகள் கேட்டதற்குப் பதில்

மணி,

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது, திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். நெட்டையன் மறுபடியும் வேலை மாறிவிட்டான், அந்தக் கதை அப்புறம். முதலில், பைத்தான், ஜாவா இரண்டில் எந்தப் புரோகிராமிங் மொழியைப் படிப்பது, ஏஐ இருக்கும்போது அதெல்லாம் எதற்கு என்று உன் மகள் கேட்டதற்கு வருகிறேன்.

நேற்று ஒரு நேர்முகத் தேர்வு எடுத்தேன், அதிலிருந்து மனசு ஆறவில்லை. இறுதியாண்டுப் பையன், கையில் பன்னிரண்டு சான்றிதழ். இரண்டு பட்டியலிலும் இருக்கிற பெயர்களைக் கண்டுபிடிக்க பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதினான். நூறு பெயருக்குச் சட்டென்று விடை வந்தது. ஒரு லட்சம் கொடுத்ததும் அப்படியே நின்றுவிட்டது. ஏன் என்றால், "கம்ப்யூட்டர் ஸ்லோ சார்" என்கிறான். ஒவ்வொரு பெயருக்கும் அடுத்த பட்டியலை முதலிலிருந்து புரட்டினால், ஒரு லட்சம் பெருக்கல் ஒரு லட்சம், மோசமாகப் போனால் ஆயிரம் கோடி ஒப்பீடு! இரண்டாவது பட்டியலை செட்டாக, அதாவது முழுக்கப் புரட்டாமல் ஒரு பெயர் இருக்கிறதா என்று நேராகப் பார்க்க முடிகிற அமைப்பாக, மாற்ற ஒரே வரி போதும், ஒரு லட்சம் தேடலோடு முடிந்துவிடும். காகிதத்தில் பெருக்கிக் காட்டியதும் பையன் பிடித்துக்கொண்டான், கெட்டிக்காரன்தான். நாலு வருஷத்தில் ஒருத்தரும் அவனிடம் "ஏன்" என்று கேட்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன் மகள் பைத்தானா ஜாவாவா என்று கேட்டிருந்தாள். எதுவானாலும் சரி, ஒன்றை ஆழமாகப் படிக்கட்டும், இரண்டாவது மொழி தானாக வரும். டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், டேட்டாபேஸ் நான்கையும் மார்க்குக்காக மட்டும் படித்துவிட்டு மறக்க வேண்டாம், வேலைக்குப் போன பிறகு ஒவ்வொரு நாளும் இவைதான் எதிரே வந்து நிற்கும்.

ஏஐயே கோடு எழுதும்போது நான் எதற்கு என்கிறாளே, அதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். வரிசையான பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடுவதுதான் பைனரி சர்ச். ஜாவாவோடு வந்த பைனரி சர்ச்சிலேயே நடுப்புள்ளிக்காக இரண்டு எண்களைக் கூட்டும் இடத்தில், கூட்டுத்தொகை பெரிதாகி அந்த எண்ணுக்கு ஒதுக்கிய 32 பிட் இடத்துக்குள் அடங்காமல் போகும் ஒரு பிழை இருந்தது. பல வருஷம் பேசாமல் கிடந்து 2006-ல்தான் பரவலாகத் தெரிய வந்தது. தேர்ந்த ஆட்கள் எழுதியதே அப்படி என்றால், நொடியில் கொட்டுகிற ஆயிரம் வரியை யார் சரிபார்ப்பது? படித்துப் பார்த்து "இது தப்பு" என்று சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும், அவள் அந்த ஆளாக வேண்டும். எரர் வந்தால் உடனே அதை அப்படியே காப்பி செய்து ஏஐயிடம் கேட்காமல் எந்த வரி, என்ன சொல்கிறது என்று ஒரு பத்து நிமிஷம் தானே முட்டிப் பார்க்கட்டும்.

பாயின்டர் (மெமரியில் ஒரு இடத்தின் முகவரியை வைத்திருப்பது) புரியவில்லை என்று ராத்திரி முழுக்கக் கட்டம் கட்டமாக வரைந்தாயே, அந்த நோட்டு இருக்கிறதா? அதை அவளிடம் கொடு. அம்புக்குறியெல்லாம் கோணல்தான், ஆனால் நம் வகுப்பில் அதை விடத் தெளிவாக யாரும் புரிய வைக்கவில்லை.

அப்புறம், அவள் எழுதியதில் ஒன்றை அனுப்பச் சொல். ஓடாத புரோகிராம் என்றால் இன்னும் நல்லது, ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
ரவி