சத்தம் வருகிறது, படம் வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில், படங்களைத் திருடாமலிருக்க ஓடிடி தளங்கள் போடும் மின்னணுப் பூட்டைப் பற்றி வந்த கட்டுரையில், "முறையாகச் சந்தா கட்டுபவருக்கு இந்தப் பூட்டு இருப்பதே தெரியாது" என்று ஒரு வரி. அதோடு இதழை மடித்து வைத்துவிட்டேன். இரண்டு நாள் பொறுத்துத்தான் இதை எழுதுகிறேன். அன்றே எழுதியிருந்தால் நீங்கள் பிரசுரிக்கிற மாதிரி இருந்திருக்காது.

கட்டுரையாளர் வீட்டில் எல்லாம் புதுசு போலிருக்கிறது. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு 84 வயது. அவர் அறையில் இருப்பது பழைய டிவி. என் போனில் ஓடுவதை அதில் காட்ட ஒரு சின்னக் கருவி வாங்கி மாட்டி, பொங்கலன்று ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டேன். டைட்டில் இசை கணீரென்று வந்தது. திரை கும்மிருட்டு. வயரைப் பிடுங்கி மாட்டினேன், போனை அணைத்துப் போட்டேன், கருவியைத் தட்டியும் பார்த்தேன். அதற்குள் கதாநாயகி பாடவே தொடங்கிவிட்டார். அம்மா சுவரில் சாய்ந்து முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, "டிவின்னியே, ரேடியோவ மாட்டி வச்சிருக்கே?" என்றார்.

வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண் மிக மரியாதையாகச் சொன்னார்: "பாதுகாப்புக்காக அப்படித்தான் சார் வரும்." யாரிடமிருந்து பாதுகாப்பு? மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எங்கள் அம்மாவிடமிருந்தா?

விஷயம் தெரியாமல் பொருமுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். படம் பூட்டப்பட்டே வருகிறது, சாவி தனியாக வருகிறது, நம் சாதனத்தை நம்பினால்தான் அந்தச் சாவி கிடைக்கும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அம்மாவின் டிவிக்கு அந்த நம்பிக்கை கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்களில் இதைப் பார்த்துக்கொள்வது கூகுளின் வைட்வைன் என்ற பூட்டு முறை. அதில் எல்1, எல்3 என்று பாதுகாப்பு நிலைகள் உண்டு. எல்1 என்றால் பூட்டைத் திறக்கும் வேலை சிப்புக்குள் ஒதுக்கப்பட்ட பத்திரமான இடத்தில் நடக்கும். எல்3 என்றால் வெறும் மென்பொருள்தான் காவல். அதனால் பல தளங்கள் அதற்கு 480 வரிகளுக்கு மேல் படத் தெளிவு தருவதில்லை, ஹெச்டி கிடையாது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், சென்ற வருடம் போன் தண்ணீர் வாளியில் விழுந்தது. பழுது பார்த்த பையன் திருப்பிக் கொடுக்கும்போது, "ஓடுது சார். ஆனா எல்1 போச்சு, எல்3 ஆயிடுச்சு" என்றான். எனக்கு ஏதோ முதுகெலும்பு விவகாரம் மாதிரி கேட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால், முகங்களெல்லாம் எண்ணெய்க் காகிதத்தின் வழியாகத் தெரிகின்றன. நான் கட்டுவது ஹெச்டி கட்டணம். எல்3-க்குக் கட்டணம் குறையுமா என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை.

இந்தப் பூட்டுக்குப் பணிந்துபோவது எனக்குப் புதிதில்லை. 2003 செப்டம்பரில் கட்டணச் சேனல்களுக்கு செட்டாப் பெட்டி கட்டாயம் என்று காஸ் முறையைக் கொண்டுவந்தார்களே, டெல்லியும் மும்பையும் நழுவிக்கொண்டன, சென்னை மட்டும் மாட்டிக்கொண்டது. கிரிக்கெட் பைத்தியத்தில் அப்போதே பெட்டி வாங்கியவன் நான். எங்கள் தெருவில் அப்படி வாங்கியது இரண்டே வீடு. அப்புறம் டிடிஹெச், அப்புறம் ஹெச்டி பெட்டி. ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொரு கம்பெனிக்கு ஆகாது. மூன்றும் பரணில் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. நம்பர் மாறாமல் செல்போன் கம்பெனியை மாற்ற 2011-லேயே வழி வந்துவிட்டது. பெட்டி மாறாமல் கம்பெனியை மாற்றும் வசதி வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020-ல் பரிந்துரைத்தது. அந்தச் செய்தி எங்கள் பரணுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

டிவிடி காலத்தையும் சொல்லிவிடுகிறேன். மைத்துனர் அமெரிக்காவிலிருந்து ஆசையாக நான்கு தட்டு வாங்கி வந்தார். டிவிடியிலும் ஒரு பூட்டு, உலகின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண். அவை ரீஜன் 1. நம் நாட்டுக்கு 5. பிளேயர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இப்போது அவை பால்கனியில் புறா விரட்டுகின்றன.

படம் எடுத்தவர் நஷ்டப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திருட்டு விசிடிக்காரர்களை 2004-ல் குண்டர் சட்டத்தில் சேர்த்தபோது சரி என்றவன்தான். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் 65ஏ பிரிவைச் சேர்த்தார்கள். உரிமையை மீறும் எண்ணத்தோடு இந்தப் பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை. நல்லது, இருக்கட்டும். ஆனால் பக்கத்து வீட்டுப் பையன் எந்தச் சந்தாவும் கட்டாமல், படம் வெளியான மறுநாளே டெலிகிராமில் இறக்கி, பென் டிரைவில் போட்டு, எந்த டிவியில் செருகினாலும் பளிச்சென்று ஓடுகிறது. அம்மாவின் டிவியிலும் ஓடும். "கொண்டு வரட்டுமா அங்கிள்?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

நானோ, ஊருக்குப் போகிற வழியில் பார்க்கலாமென்று இறக்கி வைத்த படத்தைத் தாம்பரத்தில் ஆரம்பித்துத் தூங்கிவிட்டேன். நான்கு நாள் கழித்துத் திரும்பும்போது தொட்டால், 48 மணி நேரக் கெடு முடிந்ததாம். மறுபடி இணையத்தில் புதுப்பிக்க வேண்டுமாம். வண்டி அப்போது சிக்னலே இல்லாத காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

தங்களிடம் கேட்பது ஒன்றுதான். வாராவாரம் புது போன்களை விமர்சிக்கிறீர்கள். கேமரா எத்தனை மெகாபிக்சல், பின்பக்கம் என்ன நிறம் என்று அரைப் பக்கம் வருகிறது. அதில் எல்1-ஆ, எல்3-ஆ என்று ஒரே ஒரு வரி சேர்க்க முடியுமா? இடமில்லையென்றால் நிறத்தைப் பற்றிய வரியை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
வில்லிவாக்கம், சென்னை - 49