பாப்பாவுக்கு

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. பின்கட்டு ஓடு மாற்றியாகிவிட்டது. மற்ற சேதியெல்லாம் பிறகு எழுதுகிறேன்.

போன வாரம் நீ அனுப்பிய படங்களைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்துவிட்டாள் உன் அம்மா. தூத்துக்குடியில் பிறந்த பிள்ளை அமெரிக்காவில் செசபீக் விரிகுடாவில் சொந்தப் படகில் போகிறது என்றால் பெருமை இல்லாமல் இருக்குமா? துறைமுகத்து இழுவைக் கப்பலில் இன்ஜின் ரூமில் கிடந்தவன் மகள் நீ. எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது.

ஆனால் அன்று போனில் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். திரும்பி வரும்போது படகை யார் ஓட்டியது என்று. சார்ஜ் இல்லை அப்பா என்று வைத்துவிட்டாய். அதன் பிறகு நான் என்ன அனுப்பினாலும் ஒரு கட்டைவிரல் படம்தான் பதில். சார்ஜ் இத்தனை நாளா ஏறும்? அதனால்தான் கடிதம் எழுதுகிறேன்.

முதலில் குட்டியின் லைஃப் ஜாக்கெட். கென்ட் நாரோஸ் வாய்க்கால் கரை ஓட்டலில் எடுத்த படத்தில் அது நாற்காலி முதுகில் தொங்குகிறது. கரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது கழற்றலாம், தப்பில்லை. படகில் கால் வைக்கும் முன்னால் திரும்பப் போட்டீர்களா? உங்கள் படகு 19 அடி. 21 அடிக்குக் குறைந்த படகு ஓடும்போது 13 வயது ஆகாத பிள்ளை ஜாக்கெட் போட்டே ஆகவேண்டும் என்பது உங்கள் மேரிலாண்ட் மாநிலச் சட்டம். சட்டம் பிள்ளைக்குத்தான் சொல்கிறது, நான் உனக்கும் சொல்கிறேன். படகு விபத்தில் மூழ்கிச் செத்தவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ஜாக்கெட் போடாதவர்கள் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை வருடா வருடம் கணக்குச் சொல்கிறது. நீச்சல் தெரியும் என்று சொல்லாதே. நீச்சல் தெரிந்தவர்களும் அதில் உண்டு.

அந்த விரிகுடாவைப் பார்த்தால் குளம் மாதிரிதான் இருக்கிறது. நாங்கள் வந்திருந்தபோது தாமஸ் பாயின்ட் கலங்கரை விளக்கைக் காட்டக் கூட்டிப்போனாயே, 1875இல் தண்ணீருக்குள் இரும்புக் கால் ஊன்றிக் கட்டிய அந்த அறுகோண வீடு, அன்றைக்கு அலையே இல்லை. அதை நம்பாதே. 200 மைல் நீளம் இருந்து என்ன, சராசரி ஆழம் 21 அடிதான். ஆழம் இல்லாத தண்ணீரில் காற்று விழுந்தால் அலை நெருக்கி நெருக்கி, செங்குத்தாக எழும்பும். நம் கடலில் கச்சான் காற்று அடிக்கும்போதுகூட ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் மூச்சு வாங்க இடம் கிடைக்கும். அங்கே கிடைக்காது. சின்னப் படகின் மூக்கு ஒன்றில் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது உள்ளே வந்துவிடும்.

கோடையில் சாயங்கால இடிமழை பெரும்பாலும் மேற்கே இருந்துதான் வருகிறது. கென்ட் நாரோஸில் சாப்பிட்டுவிட்டு மேற்குக் கரையில் இருக்கிற அன்னபோலிஸுக்குத் திரும்பினால் நீங்கள் அதன் வாய்க்குள்ளேயே போகிறீர்கள். மேற்கு வானம் கறுத்தால் கிளம்ப வேண்டாம். கயிறு கட்டிய இடத்திலேயே இருங்கள். இன்னொரு தட்டு நண்டு சொல்லுங்கள், பணம் போனால் போகிறது. அந்த நாரோஸ் வாய்க்காலில் பாலத்துக்குக் கீழே இழுப்பும் ஜாஸ்தி. தண்ணீர் சுழித்து ஓடுவதை நானே பார்த்தேன். தெளிந்த தலையோடு பிடிக்கவேண்டிய இடம் அது.

அந்தச் சாப்பாட்டைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. பழுப்புத் தாளை மேசையில் விரித்து, ஓல்ட் பே மசாலா அப்பிய சிவந்த நண்டுகளைக் குவித்து, கையில் ஒரு மரச்சுத்தியலையும் கொடுத்தால் யாருக்குத்தான் பிடிக்காது. உன் அம்மா நம் ஊர் நண்டு ருசி வராது என்று சொல்லிக்கொண்டே கால் ஒன்று விடாமல் உடைத்துத் தின்றாள். காரில் போகிறவனுக்கு வாசல், படகில் போகிறவனுக்குப் படித்துறை என்று இரண்டு பக்கமும் திறந்து வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு.

மாப்பிள்ளை கையில் இருந்த டம்ளர்தான். ஆரஞ்சு ஜூஸ் என்றுதான் நினைத்தேன். போன தடவை வந்தபோதும் அப்படித்தான் நினைத்தேன். ஆரஞ்சு கிரஷ் என்பது அங்கே வோட்கா சேர்த்துக் கொடுப்பது என்று எதிர்வீட்டுப் பையன் சொல்லித்தான் தெரியும். இரண்டாவது படத்திலும் டம்ளர் நிறைய இருக்கிறது, தாளில் நண்டு ஓடு மட்டும் கூடியிருக்கிறது. மூன்றாவது படத்தில் மாப்பிள்ளை ஸ்டியரிங் முன்னால் நிற்கிறார், குட்டி மடிப்பக்கம். ஜாக்கெட் தெரியவில்லை.

மாப்பிள்ளை தங்கமானவர். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மகன் மாதிரி நின்றார். அவரிடம் நான் இதைப் பேச முடியாது, பேசினால் நன்றாக இருக்காது. உன் சின்ன மாமா சேதியை நான் எழுதப் போவதில்லை. உன் அம்மா இந்தக் கடிதத்தை மடிக்கும் முன் படிப்பாள்.

ஓட்டுகிறவர் ரத்தத்தில் மது அளவுக்குக் காரில் வரம்பு 0.08 சதவீதம் என்றால் படகிலும் அதே 0.08தான், மேரிலாண்டில் பிடித்தால் வழக்குத்தான். உயிர்போகிற படகு விபத்துகளில் தெரியவந்த காரணங்களுக்குள் முதலில் நிற்பது குடி. வெயில், காற்று, இன்ஜின் இரைச்சல், உடம்பு ஓயாமல் குலுங்குவது எல்லாம் சேர்ந்து கரையில் குடிப்பதைவிடச் சீக்கிரம் தலைக்கு ஏற்றிவிடும். இது என் அனுபவம் மட்டும் இல்லை, அவர்கள் அரசாங்கமே சொல்கிறது. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சிவப்புக் கயிறு இருக்குமே, ஓட்டுகிறவர் விழுந்தால் இன்ஜின் நிற்க. 2021 ஏப்ரலில் இருந்து அது சட்டம். அதையும் மாட்டுவதில்லை நீங்கள். படத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

குடிக்காதே என்று அவரிடம் சொல் என்று நான் கேட்கவில்லை. அது உங்கள் வீட்டு விஷயம். நீ படகு ஓட்டப் படி. அதைத்தான் கேட்கிறேன். 1972 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் அங்கே மோட்டார் படகு ஓட்டப் படகுப் பாதுகாப்புச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். வகுப்பும் உண்டு, இணையத்திலும் படித்துப் பரீட்சை எழுதலாம். உனக்கு அது ஒரு வாரம்கூட ஆகாது. நம் டிவிஎஸ் 50ஐ யாருக்கும் தெரியாமல் எடுத்துப் பீச் ரோடு வரைக்கும் போய்விட்டு வந்தவள்தானே நீ. இப்போது படகு கட்டும்போது கயிறு பிடிக்க மட்டும்தான் நிற்கிறாய், எல்லாப் படத்திலும். போகும்போது அவர் ஓட்டட்டும், வரும்போது நான் ஓட்டிப் பழக வேண்டும் என்று நீ சொன்னால் அதில் யாருக்கும் மனவருத்தம் இல்லை. வாக்குவாதமும் இல்லை.

படகு ரேடியோவில் ஆபத்துக்கு உதவி கேட்கிற 16ஆம் சேனல் பிடிக்கவும் பழகிக்கொள். போன் நனைந்தால் தீர்ந்தது. கிளம்பும் முன்னால் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று எனக்கு ஒரு வரி அனுப்பு. இங்கே நடுராத்திரி ஆனாலும் பரவாயில்லை. குட்டியின் ஜாக்கெட்டை மறக்காதே.

ஓடு மாற்றிய கணக்கை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். கோபம் இருந்தால் போன் போட்டுத் திட்டு, கட்டைவிரல் அனுப்பாதே. இதை மாப்பிள்ளைக்குக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். பரீட்சைக்குப் பணம் எவ்வளவு என்று சொல், நான் கட்டுகிறேன். சான்றிதழ் வந்ததும் உன் பேர் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு.

அப்பா