பனியாறும் பணியாரமும்

ஹூஸ்டன்
ஏப்ரல் 26, 2026

அன்புள்ள பணியாரம்,

பொங்கலுக்கு நீ அனுப்பிய வாட்ஸப் செய்திக்கு ஒரு கும்பிடு பொம்மையைத் திருப்பிவிட்டதோடு சரி, அப்புறம் மூன்று மாதமாக என்னிடமிருந்து சத்தமே இல்லை. திட்டுவாய், தெரியும். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு, ஏனென்றால் கடைசியில் உன்னால் ஆக வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது, அதற்கு மே 17 வரைதான் கெடு. தங்கச்சிக்கு முட்டி வலி தேவலையா? உன் பையனுக்கு வேலை கிடைத்ததைத் தடியன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதையும் கணக்கில் வைத்திருக்கிறேன்.

முதலில் நல்ல சேதி. பெரியவள் உண்டாகியிருக்கிறாள். ஒன்பது வாரம். மூன்று மாதம் முடியாமல் வெளியே மூச்சு விடக் கூடாது என்று இவள் உத்தரவு, அதனால் தங்கச்சியிடம் மட்டும் சொல், தடியனிடம் வேண்டவே வேண்டாம், அவனிடம் சொல்வதும் கும்பகோணம் டவுன் பஸ்ஸில் எழுதி ஒட்டுவதும் ஒன்று. நான் தாத்தாவாகப் போகிறேன்டா. இரண்டு நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி படுத்திருக்கும்போதுதான் ‘ஐயோ, கப்பல்!’ என்று எழுந்து உட்கார்ந்தேன்.

கப்பல் கதை உனக்குப் பாதி தெரியும். அப்பா சாக்பீஸைப் படுக்க வைத்துத் தேய்த்துக் கரும்பலகை முழுக்கப் பனியாறு வரைவாரே, அதைப் பார்த்துவிட்டு நீ அரையாண்டுப் பரீட்சையில் எழுதிய அந்த ஒரு வரியை அம்மா இன்னும் யாராவது கிடைத்தால் சொல்லிச் சிரிக்கிறாள். ‘அவர் பார்க்காமலேயே வரைஞ்சுட்டுப் போயிட்டார், நான் ஒரு தரம் பார்த்துட்டு வரேன்’ என்று இரண்டு வருஷம் முன்னால் ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னாள். எழுபத்தாறு வயதில் அம்மா வாய் திறந்து கேட்ட முதல் பொருள் அது. சரி என்று அலாஸ்கா போட்டேன். சியாட்டிலில் ஏறிச் சியாட்டிலிலேயே இறங்குகிற ஏழு ராத்திரிப் பயணம், 2026 ஜூன் 6. இரண்டு ரூம். ஒன்றில் நானும் இவளும், இன்னொன்றில் பெரியவள், மாப்பிள்ளை, அம்மா. பாட்டியும் பேத்தியும் ராத்திரியெல்லாம் பேச வேண்டுமாம், மாப்பிள்ளைக்கு சோபா. நல்ல பையன், ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கப்பல் கம்பெனி எனக்கு எழுதிய கடிதங்களைத் தொகுத்தால் ஒரு புத்தகமே போடலாம்.

முதல் கடிதம் விசாவைப் பற்றி. அமெரிக்காவுக்குள் ஏறி அமெரிக்காவுக்குள் இறங்குகிற கப்பலுக்கு உங்கள் கனடாவில் என்ன வேலை என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். 1886இல் போட்ட ஒரு சட்டம் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றிக்கொண்டு, வழியில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைக்கூடத் தொடாமல் மற்ற அமெரிக்கத் துறைமுகங்களைச் சுற்றிக் காட்டிவிட்டு வரக் கூடாது. இந்தப் பெரிய கப்பல்களில் முக்கால்வாசி பஹாமாஸ், பனாமா என்று ஏதாவது ஒரு கொடிதான் கட்டியிருக்கும். அதனால் சட்டத்துக்காகக் கடைசி ராத்திரி உங்கள் கனடாவின் விக்டோரியாவில் நாலைந்து மணி நேரம் நிற்கிறது. கொரோனா சமயத்தில் கனடா கப்பல்களை உள்ளே விடாதபோது, 2021இல் இதற்காகவே தனியாக ஒரு சட்டம் போட்டு விலக்குக் கொடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள். அந்த நாலு மணி நேரத்தில் அம்மா கட்டிலை விட்டு இறங்காவிட்டாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா வேண்டும், இல்லாவிட்டால் சியாட்டிலிலேயே ஏற்ற மாட்டார்கள். விசாவுக்கு நூறு கனடா டாலர், பயோமெட்ரிக்ஸுக்கு எண்பத்தைந்து. கும்பகோணத்திலிருந்து சென்னைக்குத் தம்பி காரில் கூட்டிக்கொண்டு போனான். அம்மாவின் கட்டைவிரல் ரேகை மிஷினில் விழவில்லை. ஈரத்துணியில் துடைத்து, எண்ணெய் தடவி, திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ‘நாற்பது வருஷம் அம்மியில அரைச்சா ரேகையா மிஞ்சும்?’ என்று அந்தப் பெண்ணிடமே அம்மா கேட்டாளாம். கடைசியில் விழுந்தது, விசாவும் வந்தது.

இரண்டாவது கடிதம் உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது. நாங்கள் பார்க்கப் போவதாக இருந்தது ட்ரேசி ஆர்ம் என்ற இடம், அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவுக்குத் தெற்கே, செங்குத்தான பாறைகளுக்கு நடுவில் கடல் வாய்க்கால் மாதிரி உள்ளே போகும், முடிவில் பனியாறு. போன வருஷம் ஆகஸ்ட் 10 விடியற்காலையில் அந்தப் பனியாற்றுக்குப் பக்கத்தில் ஒரு மலைச்சரிவே பெயர்ந்து தண்ணீரில் விழுந்துவிட்டது. எழுந்த அலை எதிர்ப்பக்கப் பாறையில் 1,500 அடிக்கு மேல் ஏறியிருக்கிறது. அந்த நேரத்தில் உள்ளே கப்பல் இல்லாததால் யார் உயிருக்கும் ஆபத்தில்லை. வெகுதூரத்தில் ஒரு தீவில் கூடாரம் போட்டுத் தூங்கிய கயாக் ஆட்களின் சாமான்களைத் தண்ணீர் கொண்டுபோயிற்று, அவ்வளவுதான். காலையிலும் மாலையிலும் ஆயிரக்கணக்கான பேரோடு கப்பல்கள் போய் நிற்கும் இடம்டா அது. அதனால் இந்த வருஷம் பக்கத்து வாய்க்காலான எண்டிகாட் ஆர்முக்குக் கூட்டிப் போகிறோம் என்று எழுதியிருந்தார்கள். இந்த மாற்றத்துக்கு நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். அம்மாவும், ‘அங்கேயும் பனிதானே?’ என்று முடித்துவிட்டாள்.

ஜூனோவில் நிற்கும் நேரத்தைப் பகலிலிருந்து சாயங்காலத்துக்குத் தள்ளினார்கள். அந்த ஊர்க்காரர்கள் 2024இலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்தான் என்று கம்பெனிகளோடு பேசி முடிவு செய்திருக்கிறார்கள். சின்ன ஊர், அவர்களும் என்ன செய்வார்கள். இதையும் விடு.

பிப்ரவரியில் வந்ததுதான் இடி. எங்கள் கப்பலையே அந்த ஜூன் வாரத்துக்கு யாரோ மொத்தமாக வாடகைக்கு எடுத்துக்கொண்டார்களாம். ரயிலில் கோச்சை புக் பண்ணுவார்கள், கல்யாணத்துக்கு மண்டபத்தை எடுப்பார்கள், மூவாயிரம் பேர் போகும் கப்பலை எடுப்பார்களா? எடுப்பார்களாம், அடிக்கடி நடக்குமாம். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் வேறு வாரத்துக்குப் போக வேண்டியதுதான். பத்து நாளுக்குள் சொல்ல வேண்டும்: ஒன்று, கட்டிய முன்பணம் முழுவதையும் திருப்பி வாங்கிக்கொள், இல்லாவிட்டால் பழைய விலைக்கே ஆகஸ்ட் 15க்கு மாறிக்கொள், ரூமுக்கு நூறு டாலர் கப்பலில் செலவழிக்கத் தருகிறோம். நான் அந்த நூறு டாலருக்கு மயங்கி, ‘சம்மதம்’ என்ற பொத்தானை அமுக்கிவிட்டேன். அப்பாவின் ஸ்தானத்தில் யாராவது இருந்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

இப்போது கணக்கைப் பார். ஆகஸ்ட் 22 கப்பல் திரும்பும்போது பெரியவளுக்கு இருபத்தாறாவது வாரம் நடக்கும். பயணம் முடிவதற்குள் இருபத்துநாலாவது வாரம் தொடங்கிவிட்டால் ஏற்ற மாட்டோம், டாக்டர் சீட்டு கொடுத்தாலும் மாட்டோம். இது கிட்டத்தட்ட எல்லாக் கம்பெனிக்கும் பொது விதி. நடுக்கடலில் குறைமாதப் பிரசவம் என்றால் யார் பார்ப்பது, நியாயமான விதிதான். அதே ஜூன் 6ஆக இருந்திருந்தால் திரும்பும்போது பதினாறு வாரம், ஜாம்ஜாமென்று போய் வந்திருப்பாள்!

போன் போட்டேன். கம்பெனிக்காரர்கள், ‘நீங்கள் ஏஜென்ட் மூலம் எடுத்தது, அவர்தான் எங்களோடு பேச வேண்டும்’ என்றார்கள். ஏஜென்ட், ‘நீங்கள்தான் சம்மதம் என்று அமுக்கிவிட்டீர்களே’ என்றான். மலிவாக இருக்கிறதே என்று நான் எடுத்தது முன்பணம் திரும்பாத டிக்கெட். தலைக்கு 250. சரி, இரண்டு பேருக்கு ஐந்நூறு போனால் போகட்டும், மாப்பிள்ளையும் பெண்ணும் விலகிக்கொள்ளட்டும் என்றால், அதற்கும் ஒரு முடிச்சு. ரூமுக்கு இரண்டு பேர் என்றுதான் விலை. அம்மா தனி ஆளாகிவிட்டால் ஏறக்குறைய இரண்டு டிக்கெட் காசு கட்ட வேண்டும். அப்படியானால் அம்மாவை எங்கள் ரூமில் மூன்றாவது ஆளாகப் போடு என்றேன். அந்தப் பகுதிக்கு ஒதுக்கிய உயிர்காப்புப் படகில் இடம் நிரம்பிவிட்டது, இன்னோர் ஆளைச் சேர்க்க முடியாது என்கிறார்கள். ஐம்பத்தெட்டு நிமிஷம் அந்த ஹோல்ட் மியூசிக்கைக் கேட்டேன். இப்போது பல் தேய்க்கும்போதுகூட அதைத்தான் முணுமுணுக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து அந்த டிக்கெட் ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து படித்தேன். நீ ஒரு தடவை படி, சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். எந்தத் துறைமுகத்தையும் விடலாம், நாளை மாற்றலாம், கப்பலையே மாற்றலாம், அதெல்லாம் அவர்கள் இஷ்டம். துறைமுகத்தை விட்டால் அந்த ஊர் வரியை மட்டும் திருப்பித் தருவார்கள். நான் மாற்றினால் அபராதம். நம் ஊர் வாடகை வீட்டு ஓனர் எவ்வளவோ தேவலை.

சரி, புலம்பல் போதும். இனிமேல்தான் விஷயமே. இதையெல்லாம் போனில் அம்மாவிடம் சொல்லி, ‘எல்லாவற்றையும் ரத்து பண்ணிவிடுகிறேன்’ என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். அப்புறம், ‘குழந்தை எப்போ?’ என்றாள். நவம்பர் கடைசி என்றேன். ‘ஜூன்ல கப்பல்னா நான் மே மாசமே வந்திருப்பேன். ஆறு மாசம்தானே விடுவா? நவம்பர் நடுவுல கிளம்பச் சொல்லியிருப்பியே.’ எனக்கு அது தோன்றவேயில்லைடா. ஆகஸ்ட் கப்பலுக்கு அவள் ஜூலையில் வந்தால் போதும், ஜனவரி வரை இருக்கலாம், வளைகாப்பும் ஆகும், கொள்ளுப்பேரனையோ பேத்தியையோ மடியில் போட்டுக் குளிப்பாட்டிவிட்டே போவாள். எழுபத்தெட்டு வயதில் இன்னொரு தடவை இவ்வளவு தூரம் வருவாளா என்று நான் அவளிடம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பனியாற்றைக் கேட்டதற்கு மட்டும், ‘அதுக்கென்ன, பணியாரத்தைக் கூப்பிடேன்’ என்றாள்.

ஆக, உத்தரவு உனக்குத்தான். கடைசித் தவணை கட்டுவதற்குள், அதாவது மே 17க்குள், ஒரு ரூமில் பெயரை மாற்றலாம், ஆனால் முதலில் போட்டவர்களில் ஒருவராவது அதில் இருக்க வேண்டும். அம்மா இருக்கிறாள். பெரியவளும் மாப்பிள்ளையும் விலகி நீயும் தங்கச்சியும் சேர்ந்தால் முன்பணம் பிழைக்கும், அம்மாவுக்கு இரட்டைக் காசும் இல்லை. ஏஜென்டிடம் இதை எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறேன், வாய்ப்பேச்சை இனி நம்புவதில்லை. காகிதத்தில்தான் நீங்கள் அம்மா ரூம். உள்ளே போனதும் பெண்கள் மூன்று பேரும் ஒரு ரூம், நீயும் நானும் ஒரு ரூம். ஹாஸ்டல் மாதிரி. உன் குறட்டைக்குப் பஞ்சு நான் கொண்டுவருகிறேன்.

உங்களுக்குக் கனடாப் பாஸ்போர்ட், விசாத் தொல்லை கிடையாது. இன்சூரன்ஸ் தனியாக எடுத்துக்கொள். கப்பல் டாக்டர் பில்லைப் பார்த்தால் வியாதியே ஓடிவிடும் என்கிறார்கள். சியாட்டிலுக்கு முந்தின நாளே வந்துவிடு, விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. அப்புறம் ரைஸ் குக்கர் கொண்டுவராதே. மூன்று வருஷம் முன்னால் கால்வெஸ்டனிலிருந்து கோசுமேல் போனபோது இவள் புடவைக்குள் சுற்றி வைத்த குக்கரை ஸ்கேனரில் கண்டுபிடித்துப் பிடுங்கிவிட்டார்கள். இறங்கும் நாளன்று, ரம் பாட்டிலைப் பறிகொடுத்தவர்கள் வரிசையில் நான் ஒருத்தன் மட்டும் குக்கருக்காக நின்றேன். கெட்டில், அயர்ன் பாக்ஸ் எதுவும் ஆகாது. சீல் வைத்த பாக்கெட்டில் புளியோதரைப் பொடி, பருப்புப் பொடி கொண்டுவரலாம். இந்தியச் சைவச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன். தயிர் அவர்கள் தருவது இனிக்கும், அதற்கு மனத்தைத் தயார் பண்ணிக்கொள்.

செவ்வாய் ராத்திரி உன் நேரம் ஒன்பதுக்குக் கூப்பிடுகிறேன். தங்கச்சி பெயரும் உன் பெயரும் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு எழுத்து மாறாமல் எழுதி வைத்திரு. பிறந்த தேதியில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பொய்த் தேதியை.

உன்
சட்னி

பின்குறிப்பு: வருவதானால் பணியாரத்தை முதலில் எழுதிக் காட்டச் சொல், பனியாறுக்கு ரெண்டு சுழியா மூணு சுழியா என்று, அப்புறம்தான் கப்பலில் ஏற்றுவேன் என்கிறாள் அம்மா.