இ-சிம்மை மாற்றும் உரிமை பாவனையாளருக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதம் போயா தினத்தன்று என் மனைவியின் கைத்தொலைபேசி தண்ணீர் வாளிக்குள் விழுந்து அணைந்துபோனது. சாதாரண சிம் அட்டை என்றால் ஊசியால் தட்டைத் திறந்து எடுத்து, அலுமாரியில் கிடந்த பழைய தொலைபேசியில் போட்டிருப்போம். அவருடையதோ கழற்றி எடுக்க முடியாத இ-சிம். என் தொலைபேசியில் நிறுவனத்தின் செயலியைத் திறந்து அதை மீளப் பெற முயன்றபோது, ஒருமுறை கடவுச்சொல் அதே செயலிழந்த இலக்கத்துக்கே அனுப்பப்பட்டது. வாடிக்கையாளர் நிலையமும் அன்று பூட்டு. வவுனியாவில் மருத்துவமனையில் இருந்த மாமியின் செலவுக்கு மனைவியின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்பக்கூட வழியின்றி மறுநாள் காலைவரை தவித்தோம்.

குறை தொழில்நுட்பத்தில் இல்லை. இ-சிம் என்பது தொலைபேசிக்குள்ளேயே பொருத்தப்பட்ட சில்லு. நமது இலக்கத்துக்குரிய தரவு, நிறுவனத்தின் வழங்கியிலிருந்து இணையம் வழியாக அதில் இறங்குகிறது. அதற்குத் தரப்படும் கியூஆர் குறியீடு பெரும்பாலும் ஒருமுறைக்கே செல்லும். பழைய தொலைபேசியிலிருந்து புதியதற்கு நேரடியாக மாற்றும் வசதியும் நிறுவனம் இடம் கொடுத்தால்தான் இயங்கும். அட்டை நம் கையில் இருந்த காலத்தில் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நிறுவனங்கள் இ-சிம்மைத் தம் பிடியில் வைத்துக்கொள்ளும் என்ற அச்சம் புதிதல்ல. இ-சிம் தரநிலைகளை வகுக்கும், கைத்தொலைபேசி நிறுவனங்களின் உலகச் சங்கமான ஜிஎஸ்எம்ஏ அமைப்பில் வலையமைப்பு நிறுவனங்கள் போட்டியைக் கட்டுப்படுத்தும் வகையில் விதிகளை அமைத்தனவா என்று விசாரித்த அமெரிக்க நீதித் திணைக்களம், அவ்வமைப்பு தன் நடைமுறையைத் திருத்த உடன்பட்ட பின்னரே 2019 நவம்பரில் விசாரணையை முடித்தது. கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கும் நம்மவர்கள் வீட்டுக்கு வாங்கிவரும் ஐபோன் 17இல் சிம் தட்டே கிடையாது. இ-சிம் வேண்டாம் என்று ஒதுங்கும் தெரிவு அவர்களுக்கு இல்லை.

பிறர் இலக்கத்தைத் தம் பெயருக்கு மாற்றி வங்கிக் கணக்கைச் சுரண்டும் மோசடி உண்மையானது என்பதால், அடையாளச் சோதனை தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் தேசிய அடையாள அட்டையையும் முகத்தையும் காணொளி அழைப்பில் சரிபார்க்க முடியாதா?

பாவனையாளரின் நலனைக் காக்கும் கடமை, 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்கீழ் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு உண்டு. விடுமுறை நாளிலும், கட்டணமின்றியும், செயலிழந்த இலக்கத்தை நம்பியிராத வேறொரு வழியிலும் இ-சிம்மை மீளப் பெற வசதி செய்யுமாறு எல்லா நிறுவனங்களுக்கும் ஆணைக்குழு பணிப்புரை வழங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.