பித்துக்குக் காரணம் கேட்ட நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நடுவர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்தில் நீங்கள் நடத்திய சிறுகதைப் போட்டிக்கு வேலி வழக்குக் கதையொன்று அனுப்பியவன் நான். பரிசு கிடைக்காததைப் பற்றி எழுதவில்லை (கொஞ்சம் கவலைதான், பொய் சொல்லக் கூடாது). நீங்கள் அனுப்பிய குறிப்பில் இரண்டு விஷயம் இருந்தது. ஒரு முழக் காணிக்காக ஒரு மனிதர் இப்படி அழிவாரா, காரணம் போதாது என்பது ஒன்று. முடிவில் படிப்பினை இல்லை என்பது மற்றது.

காரணம் போதாதுதான். போதுமான காரணத்தோடு வருவதை யார் பித்து என்பார்கள்?

ரஷ்ய எழுத்தாளர் கோகோலின் 'மேலங்கி' 1842இல் வந்த கதை. ஆண்டுக்கு 400 ரூபிள் சம்பளத்தில் கடிதம் பிரதிபண்ணும் ஒரு குமாஸ்தா, 80 ரூபிளுக்குப் புது மேலங்கி தைக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். பின்னேரத் தேத்தண்ணியை நிறுத்துகிறான், மெழுகுதிரி ஏற்றுவதில்லை, வேலையிருந்தால் வீட்டுக்காரியின் வெளிச்சத்தில் போய் இருக்கிறான், சப்பாத்து தேயக்கூடாதென்று தெருவில் நுனிக்காலில் நடக்கிறான், இராச்சாப்பாட்டை விட்டுவிட்டு வரப்போகும் அங்கியை நினைத்தே வயிற்றை ஆற்றுகிறான். ரஷ்யக் குளிருக்கு அங்கி வேண்டியதுதான், அதிலொன்றும் பைத்தியமில்லை. ஆனால் தேவை எந்த இடத்தில் பித்தானது என்று விரல் வைத்துக் காட்டுங்கள் பார்ப்போம்! எனக்கு முடியவில்லை. போட்ட முதல் நாள் இரவே கள்ளர் அதைப் பறித்துவிடுகிறார்கள், பிறகு ஆள் அதிக நாள் இல்லை.

சரி, படிப்பினைக்கு வருவோம். இன்னொரு ரஷ்ய எழுத்தாளரான செக்கோவின் 1898ஆம் ஆண்டுக் கதையொன்றில், சொந்தத் தோட்டத்தில் நெல்லிக்காய் பறித்துத் தின்ன வேண்டுமென்பதற்காக ஒருவன் பிச்சைக்காரன் போல உடுத்து, அரைவயிறு தின்று, காசுக்காக ஒரு விதவையைக் கட்டி அவளையும் பட்டினிபோட்டுச் சாகவிடுகிறான். கடைசியில் அவனுக்குத் தண்டனை எதுவும் இல்லை. காய் புளிக்கிறது, அவனுக்கோ அது தேன், இரவில் எழும்பி எழும்பிப் போய்த் தின்கிறான். அவன் அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

அப்புறம் என் கதை. மரக்கம்புகளைக் கதியாலாக நட்டு, பின்னிய தென்னோலைக் கிடுகு கட்டிய காலத்தில், புதிதாக அடைக்கும் ஒவ்வொரு முறையும் வேலி ஒரு விரற்கடை நகரும் என்பது உங்களுக்கும் தெரியும், நீங்களும் இந்த ஊர்தானே. எங்கள் பெரியப்பா ஒருவர் வழக்குத் தவணை என்று மகளின் கலியாணப் பேச்சுக்குப் போகவில்லை. மாடு விற்றார், பிறகு காணியிலேயே ஒரு துண்டை விற்று மிச்சத் துண்டின் எல்லைக்கு வழக்காடினார். இதைக் கதையில் வைத்தால் நம்பமாட்டீர்கள் என்றுதான் அந்தக் காணி விற்ற பகுதியை நானே விட்டுவிட்டேன்.

கதையின் மூன்றாம் பக்கத்தில், அந்த வழக்காளி இரவில் ரோச் லைற் அடித்துப் பூவரசங் கதியால்களை எண்ணுவதும், எண்ணிக்கை பிழைத்ததென்று திரும்ப முதலிலிருந்து தொடங்குவதும் வருமல்லவா? அதைச் சிவப்பு மையால் வெட்டி 'தேவையில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தப் பத்திதான் கதை. அடுத்த முறை யாராவது இப்படி எழுதி அனுப்பினால், தயவுசெய்து ஏன் எண்ணுகிறார் என்று கேட்காமல் எத்தனை தரம் எண்ணுகிறார் என்று பாருங்கள்.

குறிப்பு மட்டும்தான் உறையில் வந்தது, வெட்டிய பக்கத்தை உங்கள் மேசையில்தான் பார்த்தேன். என்னிடம் வேறு பிரதி இல்லை. அனுப்பிவிடுங்கள், தபால் செலவு நான் தருகிறேன்.

இப்படிக்கு,
வேலிக் கதைக்காரன்