உள்ளே எவ்வளவு விட்டாய்?

கொலோன், ஜெர்மனி
22-2-2026

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீயும் அப்பாவும் தம்பியும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் வலி குறைந்ததா? கால் மிஷினை மிதிக்காதே என்றால் கேட்கவா போகிறாய்.

போனில் பேச ஆரம்பித்தாலே "பாப்பாவக் காட்டு" என்கிறாய். நான் போனை அவளிடம் கொடுக்க, அவள் உனக்குக் கூரையைக் காட்ட, அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். இன்னொன்று, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இங்கே ஞாயிறு முழுக்க அமைதி நாள். கடைகளும் மூடியிருக்கும். எங்கள் வீடு மரத்தரை. தையல் மிஷினை ஓட்டினால் சத்தம் கீழ்வீட்டுக்கு அப்படியே இறங்கும். மற்ற நாளிலும் இரவு 10 மணிக்கு மேல் இதே கதைதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 12ஆம் தேதி பாப்பாவின் இளவரசி உடையை போட்டோ எடுத்து அனுப்பினேன் அல்லவா? அத்தை, சித்தி எல்லாரும் அழகு, அழகு என்றார்கள். நீ மட்டும் "உள்ள எவ்ளோ வுட்ட?" என்று கேட்டாய், பிள்ளை வளர்ந்தால் பிரித்துவிடத் தையலுக்குள் எவ்வளவு துணி விட்டாய் என்று. "ரெண்டு இன்ச்" என்றேன். பொய் சொல்லிவிட்டேன் அம்மா. உள்ளே ஒரு நூல்கூட விடவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். இந்த ஊரில் கார்னிவல் என்று ஒன்று இருக்கிறது. நவம்பர் 11ஆம் தேதி, சரியாக 11 மணி 11 நிமிடத்துக்குத் தொடங்கிவிடுவார்கள். தெருக்கொண்டாட்டம் மட்டும் சாம்பல் புதனுக்கு முந்தைய வியாழக்கிழமைதான் ஆரம்பம். அந்தப் புதனன்று கிறிஸ்தவர்களின் நோன்பான தவக்காலம் தொடங்கும். அது வருவதற்குள் தின்று, குடித்து, ஆடித் தீர்த்துவிட வேண்டும் என்று கணக்கு. நம் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கூட்டத்தை நினைத்துக்கொள். வைகாசி வெயிலுக்குப் பதில் எலும்பில் ஏறும் குளிர், மேளத்துக்குப் பதில் பேண்டு. பெரியவர், சின்னவர் எல்லாரும் வேஷம் போட்டுக்கொண்டுதான் வெளியே வருகிறார்கள். அந்த வியாழனன்று பெண்கள் கத்திரியோடு திரிவார்கள். ஆண்கள் டை கட்டியிருந்தால் கத்தரித்துவிட்டு, பதிலுக்குக் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுப்பது வழக்கம். உன் மருமகன் தெரியாமல் டை கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய், அரை டையோடு வீடு வந்தார். முத்தம் கிடைத்ததா என்று கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை. ரிசப்ஷனுக்கு மாமா வாங்கிக் கொடுத்த டை அது. மாமாவிடம் சொல்லிவிடாதே.

பாப்பாவின் கிண்டர்கார்டனிலும் அன்று வேஷம்தான். அவளுக்கு 'ப்ரின்ஸெஸ்ஸின்', அதாவது இளவரசி, ஆக வேண்டும், அதுவும் நீல நிறத்தில். போன வருஷம் கடையில் வாங்கிய உடையில் நெட் உள்பக்கம் குத்திக் குத்தி, இடுப்பைச் சுற்றிச் சிவந்து தடித்துப்போனது. ஜிகினா சாம்பார் வரை உதிர்ந்தது. இந்த வருஷம் நானே தைக்கிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

நூலகத்தில் ஒரு தையல் பத்திரிகை எடுத்தேன். நடுவில் போர்வை அளவுக்கு ஒரு தாள். அதில் பத்துப் பதினைந்து உடைகளின் கோடுகள் சிவப்பு, பச்சை, கருப்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. நமக்கு வேண்டிய கோட்டை மட்டும் மெல்லிய தாளில் வரைந்து எடுத்து வெட்ட வேண்டும். அளவும் வயதுக் கணக்கில்லை, உயரக் கணக்கு. 110 என்று போட்டிருந்தால் 110 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்கு. பாப்பா 108 இருக்கிறாள். மார்பு 58, இடுப்பு 54. உன் இன்ச் டேப்பில் கிட்டத்தட்ட 23, 21.

கோடு பிசகாமல் வரைந்தேன், சாட்டினில் மயிரிழை தப்பாமல் வெட்டினேன். அதற்கப்புறம்தான் மூலையில் பொடி எழுத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். தையலுக்கான துணி இதில் சேர்க்கப்படவில்லை, ஒன்றரை செ.மீ. கூட்டி வெட்டவும் என்று போட்டிருந்தது! உன் மகள், இரண்டு இன்ச் விடாமல் தலையணை உறைகூடத் தைக்காத உன் வயிற்றில் பிறந்தவள், ஓரத்தோடு ஓரமாக வெட்டி வைத்திருக்கிறேன். முன்பக்கம் மடிப்பில் ஒரே துண்டு, முதுகு இரண்டு துண்டு. பக்கத்தில் நாலு ஓரம், முதுகில் இரண்டு. ஆறு ஓரத்திலும் ஒன்றரை போனால் 9 செ.மீ. குறைகிறது. மூன்றரை இன்ச்! பொம்மைக்குத்தான் போடலாம். வேறு துணி வாங்கலாம் என்றால், அந்த நீலம் கடையில் தீர்ந்துவிட்டது.

அன்று ராத்திரி கொஞ்சம் அழுதேன். மறுநாள் மிச்சத் துணியைக் கொட்டிப் பார்த்தேன். அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும், தைத்தபின் மூன்று செ.மீ. நிற்கிற மாதிரி பட்டி கொடுத்தேன். மீதி மூன்றுக்கு முதுகில் ஜிப் வைப்பதையே விட்டுவிட்டேன். ரவிக்கைக்கு வைக்கிற மாதிரி துணியிலேயே வளையம் தைத்து, குறுக்கும் நெடுக்குமாக நாடா கோத்துவிட்டேன். உள்ளே முதுகு தெரியாமல் ஒரு அகலத் துண்டு. கழுத்து கொஞ்சம் அகன்றுவிட்டது, துணியைச் சாய்வாக வெட்டி, கிராஸ் பட்டி வைத்து அடக்கினேன். சாட்டின் ஓரம் பிசிறு பிசிறாக வந்தபோது நீ செய்வதுபோல மெழுகுவர்த்தியில் லேசாகக் காட்டினேன். நெட் உடம்பில் படாமல் உள்ளே காட்டன் லைனிங் போட்டேன்.

பாவாடைப் பகுதிக்கு வட்டமாக வெட்டுகிற அம்ப்ரெல்லா கட்தான் போட நினைத்தேன். இடுப்பில் ஆறில் ஒரு பங்கு, அதில் ஒரு நூல் அளவு குறைத்து வட்டம் போடு என்று நீ சொல்வது இன்னும் மறக்கவில்லை. போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. ஆனால் பிள்ளை வளர வளரப் பிரித்து இறக்குகிற மடிப்பு, அந்த டக்கை வட்டத்தில் பிடிக்க முடியாதே! சுற்றளவு மேலே போகப் போகக் குறையும், மடித்தால் கொசகொசவென்று நிற்கும். அதனால் நம் பாவாடை மாதிரி நேர்த்துணியாகவே எடுத்து, இரண்டு வரிசை ஓட்டி நூலை இழுத்துச் சுருக்கு வைத்தேன். துணியின் பன்னா, அதாவது அகலம், 1.40 மீட்டர். அந்த ஒரு அகலமே இடுப்புக்கு இரண்டரை மடங்கு வந்துவிட்டது. கீழே நெட்டையும் சாட்டினையும் சேர்த்துப் பிடித்து, இரண்டு டக்கு.

ஆறாவது படிக்கும்போது நீ தைத்துக் கொடுத்த பச்சைப் பாவாடை நினைவிருக்கிறதா? ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஒரு டக்கைப் பிரிப்பாய். பாவாடை முழுக்க வெளுத்திருக்கும், மடிப்புக்குள் இருந்த இடம் மட்டும் புதுத்துணி மாதிரி பளிச்சென்று ஒரு கோடு. எட்டாவது போகும்போது இரண்டு கோடு. "ஒரு வருஷம், ரெண்டு வருஷம்" என்று பின் பெஞ்சில் எண்ணுவார்கள். வீட்டுக்கு வந்து உன்னிடம் கத்தினால், "வளர்ற புள்ள, அப்படித்தான் இருக்கும்" என்பாய். எனக்கு அப்போது உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

இங்கே நெட்டுக்கு அடியில் அந்த மடிப்புகள் அடர்நீலப் பட்டையாகத் தெரிகின்றன. மற்ற அம்மாக்கள் அதை டிசைன் என்று நினைத்து, எப்படித் தைத்தாய் என்று கேட்டார்கள். கீழ்வீட்டுப் பாட்டிக்கு மட்டும் பார்த்தவுடன் புரிந்துவிட்டது. மிஷின் சத்தத்துக்குச் சண்டைக்குத்தான் வருகிறார் என்று பயந்துகொண்டே கதவைத் திறந்தேன். அவர் குனிந்து டக்கைத் தடவிப் பார்த்து, போருக்குப் பிந்தைய வருஷங்களில் தன் கவுனை அவர் அம்மா இப்படித்தான் இறக்கிக்கொண்டே போனாராம் என்றார். எனக்குப் புரிந்த ஜெர்மன் அவ்வளவுதான், மீதிக்குத் தலையாட்டினேன். போகும்போது, மிஷினை நாலாக மடித்த துண்டின்மேல் வைத்து ஓட்டு என்று சொல்லிவிட்டுப் போனார். சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது. சண்டைக்கு வந்ததும் உண்மைதான் போலிருக்கிறது.

திங்கட்கிழமை பெரிய ஊர்வலம். வண்டிமேல் நின்று மிட்டாயை வாரி வாரி இறைக்கிறார்கள். எல்லாரும் "அலாஃப்" என்று கத்துகிறார்கள். குளிருக்கு உள்ளே தடித்த ஜாக்கெட் போட்டு, அதற்குமேல் இந்த உடை. ஜிப் வைத்திருந்தால் மூடியே இருக்காது. நாடாவைத் தளர்த்தினேன், நல்லவேளை போதுமானதாக இருந்தது. மற்ற பிள்ளைகள் பை கொண்டுவந்திருந்தார்கள். பாப்பா பாவாடையை இரண்டு கையாலும் தூக்கி மடியேந்தி நின்றாள், கோயிலில் நீ பிரசாதத்துக்கு முந்தானை ஏந்துவாயே, அப்படியே. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மடி நிறைய மிட்டாய். அதைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது பின்னால் யாரோ மிதித்து, கீழ் ஓரம் ஒரு முழம் கிழிந்துவிட்டது.

இப்போது அதைத்தான் சரிசெய்துகொண்டிருக்கிறேன். கிழிந்த ஓரத்தைச் சமமாக வெட்டிவிட்டு, ஒரு டக்கைப் பிரித்து இறக்கிவிட்டேன். ஊசியால் செய்கிற வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை தடையில்லை. இன்னும் ஒரு டக்கு பாக்கி இருக்கிறது. அடுத்த கார்னிவலுக்கும் இதே உடைதான் என்று சொல்லியிருக்கிறேன், ஒத்துக்கொண்டிருக்கிறாள். இன்றைய தேதிக்கு.

தம்பி ஏப்ரலில் வரும்போது, உன் மிஷின் டிராயரில் இருக்கும் காட்டன் நாடா ஒரு சுருளும், கொக்கி இரண்டு அட்டையும் கொடுத்தனுப்பு. இங்கே கிடைக்கும் ரிப்பன் வழுக்குகிறது, எத்தனை முடிச்சுப் போட்டாலும் அவிழ்ந்துவிடுகிறது. அன்று ஊர்வலத்தில் மூன்று முறை கட்டிவிட்டேன்.

பாப்பா தன் ஆயாவுக்கு, உனக்குத்தான், ஒரு மிட்டாய் எடுத்து வைத்திருக்கிறாள். கவருக்குள் போடச் சொல்கிறாள். போட்டால் கடிதம் ஒட்டிக்கொள்ளும், தாளை மட்டும் வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பெரிய மகள்